வோல்ட்டை அளந்து தந்த வெஸ்டன்

(மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

மின்னியலை வளர்த்த பெரியோர் பலருடைய பெயர்கள் அலகுகளாக இன்றும் நம்மிடையே வாழ்கின்றன. இத்தாலி நாட்டு வோல்டா வோல்ட் ஆனார். பிரெஞ்சு நாட்டு ஆம்பியர் ஆம்பியராகவே நின்றார். ஜெர்மானியர் ஓம் மின்தடையின் அலகானார். முதலாண்டு மாணவனும் இப்பெயர்களைத் தடையின்றி ஒப்பிப்பான். ஆனால் அந்த வோல்ட்டையும் ஆம்பியரையும் ஒரு முள்ளின் நகர்விலே எவரும் படித்தறியும்படி, கையில் தூக்கிச் செல்லும் சிறு பெட்டிக்குள் அடக்கித் தந்தவர் யார் என்று வினவினால் நம்மில் பலர் விழிப்போம். அவர் எட்வர்ட் வெஸ்டன். தம் காலத்தில் மின்னியல் உலகம் முழுவதும் அறிந்த பெயர் அது. அமெரிக்க மின்பொறியாளர் கழகத்தின் தலைவராக 1888-89ஆம் ஆண்டில் வீற்றிருந்தவர். முந்நூறுக்கு மேற்பட்ட காப்புரிமைகளைப் பெற்றவர். நமது பாடநூலிலோ அவருக்கு ஒரு வரிதான்: திட்ட மின்கலம்.

நான் இவரைத் தேடிப் படித்ததற்குக் காரணம் தேர்வு அன்று, ஒரு கார் பேட்டரி. அந்தக் கதை பின்னர் வரும். முதலில் மனிதரைக் காண்போம்.

இங்கிலாந்தில் ஆஸ்வெஸ்ட்ரி என்னும் ஊருக்கு அருகே 1850ஆம் ஆண்டு மே மாதம் 9ஆம் நாள் வெஸ்டன் பிறந்தார். இளமையிலேயே குடும்பம் உல்வர்ஹாம்ப்டன் நகருக்குக் குடிபெயர்ந்தது. இரும்பும் கரியும் புகையுமாக இருந்த தொழில் நகரம் அது. மகன் மருத்துவனாக வேண்டும் என்பது பெற்றோர் விருப்பம். (பெற்றோர் விருப்பம் என்பது எல்லா நாட்டிலும் எல்லாக் காலத்திலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்திருக்கிறது!) உள்ளூர் மருத்துவர் ஒருவரிடம் பயிற்சியும் தொடங்கிற்று. ஆனால் இளைஞர் வெஸ்டனின் மனம் நோயாளிகளிடம் ஒட்டவில்லை. அமிலமும் உலோகமும் மின்கலமும் அவரை இழுத்தன. 1870ஆம் ஆண்டில், இருபதாம் வயதில், கப்பலேறி நியூயார்க் சென்று இறங்கினார்.

அங்கே அவருக்கு வாய்த்தது மின்முலாம் பூசும் தொழில். நிக்கல் முலாம் அப்போது புதிது. பூசிய முலாம் சில நாளிலேயே உரிந்து விழும். இடத்துக்கு இடம் தடிப்பு மாறும். காரணம் என்ன என்று ஆராய்ந்த வெஸ்டன், கரைசலையும் மின்வாய்களையும் திருத்தியதோடு நிற்கவில்லை. முலாம் சீராக விழ மின்னோட்டம் சீராக வரவேண்டும். அன்றைய மின்கலங்களோ நேரம் ஆக ஆகத் தளர்ந்துபோகும். ஆகவே மின்கலத்தைக் கைவிட்டு டைனமோவை எடுத்துக்கொண்டார். அந்நாளைய டைனமோக்கள் உண்ட ஆற்றலில் பெரும்பகுதியை வெப்பமாகவே வீணாக்கின. வெஸ்டன் அவற்றைத் திருத்தி, 1877இல் நியூஜெர்சி மாநிலத்து நெவார்க் நகரில் தமக்கென ஒரு டைனமோ நிறுவனமே நிறுவினார். அடுத்து வில் விளக்குகள் வந்தன. 1883ஆம் ஆண்டு மே மாதம் புரூக்ளின் பாலம் திறக்கப்பட்டபோது அதன்மேல் ஒளிவீசியவை வெஸ்டனின் வில் விளக்குகளே. மின்குமிழுக்கு உரிய சீரான கரி இழை ஒன்றையும் 1882இல் உருவாக்கினார். எடிசனின் புகழ் உச்சத்தில் இருந்த அந்தக் காலத்தில், அதே துறையில், அவருக்குப் போட்டியாக நின்ற சிலருள் வெஸ்டன் ஒருவர்.

இவ்விடத்தில்தான் அவருடைய வாழ்க்கை ஒரு திருப்பம் கொள்கிறது. என் கருத்தில், அவர் வாழ்வில் எண்ணத்தக்க பகுதி இதுவே. 1886இல், விளக்குத் தொழிலில் பெயரும் பொருளும் குவிந்துகொண்டிருந்தபோது, அவர் அதைவிட்டு விலகினார். நெவார்க்கில் தம் வீட்டை ஒட்டியிருந்த ஆய்வுக்கூடத்தில் அமர்ந்துவிட்டார். ஒளிதரும் விளக்கை ஊரே கண்டு வியக்கும். அளவுகாட்டும் கருவியை யார் வியப்பார்? ஆயினும் பத்தாண்டு டைனமோவோடு உழன்றவருக்கு ஓர் உண்மை புலப்பட்டிருந்தது. இயந்திரம் எவ்வளவு மின்சாரம் தருகிறது என்று நம்பத்தக்க முறையில் அளக்கவே அன்று வழியில்லை.

நாம் முதலாண்டில் பயன்படுத்திய டாஞ்சன்ட் கால்வனாமீட்டரை நினைவுகூர்க. புவியின் காந்தப்புலத்தை நம்பி நிற்கும் கருவி அது. சமதளமாக வைக்கவேண்டும், வடக்கு தெற்காகத் திருப்பவேண்டும், பக்கத்தில் இரும்பு ஆகாது. சட்டைப்பையில் சாவிக்கொத்து இருந்தாலே முள் தடுமாறும். பிறகு கோணத்தைப் படித்து, அட்டவணை பார்த்து, பெருக்கி வகுத்து மின்னோட்டத்தைக் கண்டறிய வேண்டும். ஆய்வகத்தில் இது ஒரு பயிற்சி. ஆனால் டன் கணக்கான இரும்பும் வலிய காந்தங்களும் சுழலும் டைனமோ கூடத்தில் இக்கருவி என்ன செய்யும்? வெஸ்டன் அந்தக் கூடத்தில் நின்று அல்லல்பட்டவர்.

பிரான்சில் டார்சன்வால் என்பவர் 1882இல், நிலைக்காந்தத்தின் முனைகளுக்கிடையே கம்பிச்சுருளைத் தொங்கவிட்டு ஒரு கால்வனாமீட்டர் அமைத்திருந்தார். தத்துவம் சரியே. ஆனால் மெல்லிய கம்பியில் தொங்கும் சுருளைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடக்க இயலுமா? அதை ஒரு பெட்டிக்குள் அடக்க வெஸ்டன் எதிர்கொண்ட இடர்கள் ஒன்றல்ல. நிலைக்காந்தம் என்று பெயரே ஒழிய, அன்றைய காந்தங்கள் நாளடைவில் வலுவிழந்தன. அவர் எஃகைப் பதப்படுத்தும் முறையை ஆராய்ந்து, முனைகளில் தேனிரும்பு பொருத்தி, இடைவெளியை மிகக் குறுகலாக்கி, காந்தம் ஆண்டுக்கணக்கில் மாறாமல் நிற்கச் செய்தார். சுருளைத் தொங்கவிடாமல் கடிகாரத்தில் உள்ளதுபோல் மணிக்கற்களில் தாங்கினார். மேலும் கீழும் இரண்டு மெல்லிய சுருள்வில்கள். அவையே முள்ளைத் திரும்பக் கொணர்ந்தன, அவையே மின்னோட்டத்தை உள்ளே கொண்டு சேர்த்தன. சுருளை உலோகச் சட்டத்தில் சுற்றியதால் அச்சட்டத்தில் எழும் சுழல் மின்னோட்டமே முள்ளின் ஆட்டத்தை அடக்கிற்று. சுருள் எந்தக் கோணத்தில் திரும்பினாலும் காந்தப்புலம் ஒரே அளவாக இருந்தமையால் அளவுகோட்டில் பிரிவுகள் சம இடைவெளியில் அமைந்தன. அட்டவணை வேண்டாம், பெருக்கல் வேண்டாம். முள் நின்ற இடமே விடை. 1888இல் இக்கருவிகளுக்கென்று தனி நிறுவனம் தொடங்கினார்.

இத்தனையும் செய்தபின் எஞ்சி நின்ற பகை ஒன்று உண்டு. அது வெப்பம். செம்பின் மின்தடை ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.4 விழுக்காடு கூடும் என்பது நாம் படித்ததே. 25 டிகிரி சூடேறினால் பத்து விழுக்காடு. கருவியின் தடை முழுவதும் செம்பாக இருந்தால் 12.6 வோல்ட்டை அது ஏறக்குறைய 11.5 என்று காட்டும். வெஸ்டன் உலோகக் கலவைகளை ஒன்றன்பின் ஒன்றாக உருக்கிச் சோதித்தார். செம்பும் நிக்கலும் கலந்த ஒரு கலவையில் தடை வெப்பத்தோடு மாறவே இல்லை எனலாம். இன்று கான்ஸ்டன்டன் என்கிறோம். செம்பு, மாங்கனீஸ் கலவையில் இன்னும் சிறப்பானது கிடைத்தது; அதுவே மாங்கனின். நம் ஆய்வகத்து மின்தடைப் பெட்டிகளில் சுற்றியிருக்கும் கம்பி இதுதான். வோல்ட்மீட்டரின் செம்புச் சுருளோடு இத்தகைய பெருந்தடையைத் தொடரில் இணைத்துவிட்டால், செம்பின் சிறு மாறுதல் மொத்தத்தில் கரைந்துபோகும்.

இனி அந்தக் கார் பேட்டரிக்கு வருகிறேன். என் தாய்மாமா வாடகைக் கார் ஓட்டுகிறார். விடியற்காலை நான்கு மணி ரயிலுக்குச் சவாரி ஏற்றுவது அவர் வழக்கம். சென்ற ஆண்டு மழைக்காலத்தில் வாரம் ஒருமுறையாவது வண்டி கிளம்ப மறுத்தது. பேட்டரி போய்விட்டது, புதிது மாற்றவேண்டும் என்று சொன்னார்கள். புது பேட்டரி என்றால் பல ஆயிரம். அவருக்கு அது பத்துநாள் உழைப்பு. வண்டியின் முகப்புப் பலகையில் பேட்டரிக்கென இருந்தது ஒரு சிவப்பு விளக்கு மட்டுமே. அது எரிந்தால் கெடுதல், அணைந்தால் நலம் என்பதற்குமேல் அது எதுவும் பேசாது. இயற்பியல் படிக்கும் மருமகன் எதற்கு இருக்கிறான் என்று, பேட்டரியின் வோல்ட் காட்டும் மீட்டர் ஒன்றைச் சில நூறு ரூபாய்க்குள் பார்த்துச் சொல்லும்படி என்னைப் பணித்தார்.

பார்ப்பதற்கு எளிய வேலைதான். ஆனால் ஒரு கணக்கு என்னை நிறுத்திற்று. காரில் உள்ள காரீய-அமில பேட்டரியில் ஆறு அறைகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.1 வோல்ட். முழுதும் மின்னேற்றிய பேட்டரி, சில மணிநேரம் ஓய்ந்திருந்தபின், 12.6 அல்லது 12.7 வோல்ட் காட்டும். பாதி தீர்ந்தபோது ஏறக்குறைய 12.2. வோல்ட் 12க்குக் கீழே வந்துவிட்டால் ஏறத்தாழ வெறுமை. அதாவது நிறைவுக்கும் வறுமைக்கும் இடையே உள்ள தூரம் ஒரு வோல்ட்கூட இல்லை! சுழியிலிருந்து 20 வோல்ட்வரை காட்டும் முள் மீட்டரில், முழு அளவில் இரண்டரை விழுக்காடு பிழை இருக்கலாம் என்றால், அது அரை வோல்ட். பேட்டரி நிறைந்திருக்கிறதா பாதியா என்பதையே அது சொல்லாது. உதிரிபாகக் கடையில் நான் கண்ட சிறிய முள் மீட்டரில் ஒரு வோல்ட்டுக்கு இரண்டு மில்லிமீட்டர் இடமே இருந்தது. ஓடும் வண்டியில் அதைப் படிப்பது எங்ஙனம்? முள் மீட்டரே வேண்டும் என்போர் 8 முதல் 16 வோல்ட்வரை மட்டும் விரித்துக் காட்டும் வகையைக் கேட்டு வாங்கவேண்டும்.

இலக்கங்கள் ஒளிரும் மின்னணு மீட்டர்கள் இன்று மலிவு. 12.6 என்று பளிச்சென்று காட்டும். ஆனால் பத்தில் ஒரு பங்குவரை காட்டுவதும் பத்தில் ஒரு பங்குவரை சரியாகக் காட்டுவதும் ஒன்றல்ல. ஒரு விழுக்காடு பிழை, அதன்மேல் கடைசி இலக்கத்தில் ஒன்று என்று அட்டையில் அச்சிட்டிருந்தால், 12.6 வோல்ட்டில் அது கால் வோல்ட்டை நெருங்கும். சிகரெட் பற்றவைக்கும் துளையில் செருகும் வகையும் உண்டு. அது வாங்கவும் மாட்டவும் எளிது. எனினும் அந்தத் துளைக்கு வரும் கம்பியிலேயே வோல்ட் குறைந்துபோகலாம். ஒரே கம்பியில் வேறு சாதனமும் மின்சாரம் உண்டால் மீட்டர் அதையும் சேர்த்துக் குறைத்துக் காட்டும். பேட்டரியின் முனைகளிலிருந்தே தனிக்கம்பி இழுப்பது நேர்வழி. இடையில் ஒரு ஃபியூஸ் அவசியம். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. இரண்டு கம்பி மின்னணு மீட்டர் தனக்கு வேண்டிய மின்சாரத்தை அளக்கப்படும் பேட்டரியிலிருந்தே எடுக்கிறது. 20 மில்லி ஆம்பியர் என்றாலும் ஒரு நாளைக்கு ஏறக்குறைய அரை ஆம்பியர்-மணி. ஒரு மாதம் நிறுத்திவைத்த வண்டியில் பேட்டரியின் பெரும் பங்கை மீட்டரே குடித்துவிடும். ஆகவே ஒரு சுவிட்சும் வேண்டும்.

ஆக, எதை வாங்குவது என்பதைவிட, வாங்கியதை எதனோடு ஒப்பிடுவது என்பதே என் முன் நின்ற வினா. வெஸ்டன் முன்னும் இதே வினா நின்றது. ஆயிரம் மீட்டர் செய்கிறோம். ஆயிரமும் ஒரே வோல்ட்டைத்தான் வோல்ட் என்கின்றனவா? அன்று ஒப்பீட்டுக்கு இருந்தது கிளார்க் மின்கலம். துத்தநாகமும் பாதரசமும் கொண்ட அது, அறையின் வெப்பம் ஒரு டிகிரி மாறினாலும் ஒரு மில்லிவோல்ட்டுக்கு மேல் மாறியது. வெஸ்டன் துத்தநாகத்துக்குப் பதில் காட்மியத்தை வைத்தார். வெப்பத்தால் ஏற்படும் மாறுதல் மிகச் சிறிதாகச் சுருங்கிற்று. 20 டிகிரியில் 1.0183 வோல்ட்; ஆண்டுகள் கடந்தாலும் ஏறக்குறைய அதே 1.0183. இதற்கு 1893இல் காப்புரிமை பெற்றார். 1911 முதல் உலக நாடுகள் தத்தம் வோல்ட்டைக் காக்கும் திட்ட மின்கலமாக இதை ஏற்றுக்கொண்டன. அந்தக் காப்புரிமையை வெஸ்டன் விட்டுக்கொடுத்தார். எவரும் கட்டணமின்றிச் செய்துகொள்ளலாம் என்றாயிற்று. காப்புரிமைக்காக நீதிமன்றங்களில் ஆண்டுக்கணக்கில் போராட்டங்கள் நடந்த காலம் அது. அவரும் அவற்றை அறியாதவர் அல்லர். எல்லாருக்கும் பொதுவான அளவுக்குத் தனி உடைமையாளர் இருக்கலாகாது என்று அவர் எண்ணியிருக்க வேண்டும். நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

நம் துறையின் அலமாரியில் மரப்பெட்டிக்குள் ஒரு வெஸ்டன் மின்கலம் உறங்குகிறது. பேராசிரியரின் இசைவு பெற்று, பெருந்தடையைத் தொடரில் இணைத்து (அதிலிருந்து மின்சாரம் எடுக்கலாகாது, எடுத்தால் கெடும்), பத்துக் கம்பி மின்னழுத்தமானியில் சமன்செய்தேன். 509 சென்டிமீட்டரில் கால்வனாமீட்டர் அசையாது நின்றது. பிறகு 12 வோல்ட் பேட்டரியின் குறுக்கே இரண்டு மின்தடைப் பெட்டிகளை 9000, 1000 ஓமாக இணைத்து, 1000 ஓமின் முனைகளில் பத்தில் ஒரு பங்கை எடுத்து, அதையும் சமன்செய்தேன். 630 சென்டிமீட்டர். கணக்கிட்டால் 12.6 வோல்ட். மூன்றாமாண்டுச் செய்முறைத் தேர்வில் வரும் அளவீட்டுச் சோதனைதான். மதிப்பெண்ணுக்காக அல்லாமல் அதைச் செய்தது அன்றே முதல் முறை. கடைக்காரர் பார்த்துத் தருகிறேன் என்று கொடுத்தனுப்பிய மீட்டர்களில், முள் மீட்டர் 12க்கும் 13க்கும் நடுவே எங்கோ நின்றது. மின்னணு மீட்டர் 12.4 என்றது. மின்வழங்கியைக் கொண்டு 11.5 முதல் 14.5 வரை மாற்றிப் பார்த்தேன். எல்லா இடத்திலும் அதே 0.2 குறைவு. எப்போதும் ஒரே அளவு குறைத்துச் சொல்பவனைக் கணக்கில் கொள்ளலாம். மின்னணு மீட்டரையே தேர்ந்தேன். 0.2 கூட்டுக என்று சிறு தாள் எழுதி அதன் தலையில் ஒட்டினேன்.

மாமாவின் காரில் அதைப் பொருத்தினோம். மாலைச் சவாரி முடிந்து இரவு முழுவதும் நின்ற பேட்டரி காலையில், திருத்தம் சேர்த்து, 12.1 காட்டியது, பாதிக்கும் குறைவு. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்டவேண்டும். முகப்பு விளக்கை ஏற்றியதும் அது 12.7க்கு இறங்கிற்று. ஆகப் பேட்டரிக்கு உணவே போய்ச் சேரவில்லை. ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் பெல்ட் தேய்ந்து தளர்ந்திருந்தது. சுமை ஏறியதும் வழுக்கிற்று. பெல்ட்டை மாற்றியதும் விளக்கு எரியும்போதே 14.1 வந்தது. பழைய பேட்டரியை ஓரிரவு முழுவதும் மின்னேற்றி மீண்டும் மாட்டினோம். இந்த ஆண்டு மழைக்காலத்தையும் அது கடந்துவிட்டது. மாமா இப்போது சவாரிக்கு ஏறுபவர்களிடம் எல்லாம் அந்தத் தாளைக் காட்டி விளக்கம் சொல்வதாகக் கேள்வி.

வெஸ்டனின் பிற்காலம் அமைதியானது. நெவார்க் நகரில் 1885இல் திறக்கப்பட்ட தொழில்நுட்பப் பள்ளியின் தொடக்க கால அறங்காவலருள் அவரும் ஒருவர். தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் மாலைநேரத்தில் பயிலத் தொடங்கிய பள்ளி அது. இன்று நியூஜெர்சி தொழில்நுட்ப நிறுவனம் என்னும் பல்கலைக்கழகமாக வளர்ந்திருக்கிறது; அங்கே அவர் பெயரில் ஒரு கட்டடமும் உண்டு. 1915இல் பெர்கின் பதக்கமும் 1924இல் ஃபிராங்க்ளின் பதக்கமும் அவரைத் தேடி வந்தன. மகன் எட்வர்ட் ஃபாரடே வெஸ்டன் (மகனுக்கு இட்ட பெயரிலேயே தந்தையின் மனம் தெரிகிறது) ஒளியை அளக்கும் கருவியில் ஈடுபட்டார். 1932 முதல் புகைப்படக்காரர்கள் வெஸ்டன் ஒளிமானியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தார்கள். 1936ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள், மான்ட்கிளேர் என்னும் ஊரில், எண்பத்தாறாம் வயதில் வெஸ்டன் மறைந்தார்.

அவருடைய மின்கலம் அதன்பின்னும் ஐம்பதாண்டுகளுக்கு மேல் உலகத்தின் வோல்ட்டைத் தாங்கி நின்றது. 1990இல் ஜோசப்சன் விளைவை அடிப்படையாகக் கொண்ட திட்டம் உலகளவில் நடைமுறைக்கு வந்தது. 2019 முதல் மாறிலிகளின் நிலைத்த மதிப்புகளிலிருந்தே வோல்ட் பெறப்படுகிறது. பாதரசமும் காட்மியமும் நச்சு என்பதால் புதிதாக இம்மின்கலத்தைச் செய்வாரும் அருகிவிட்டனர். நம் துறையில் உள்ளதைக் காண விரும்பும் முதலாண்டு நண்பர்கள் ஆய்வக உதவியாளரிடம் கேட்டால் காட்டுவார். பெட்டியைச் சாய்க்காமல், இரு கைகளாலும் எடுக்கவேண்டும்.